பெரியம்மாவின் ரத்தச் சீட்டு

"உனக்குத்தான் எதிர்ப்புச் சக்தி இருக்குதாமே, நீயே உள்ள போயிரு."

2021 மே மாதம் எங்க பெரியம்மாவிடம் சொல்லப்பட்ட வார்த்தை இது. சொன்னவர் நெருப்பெரிச்சல் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். அதனால்தான் இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று. கெட்டவன் செய்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

நெருப்பெரிச்சலை மாநகராட்சியோடு சேர்த்து வருசக்கணக்காச்சு. எங்க வளவு வளவாகவே இருக்கிறது. பெரியம்மா அந்த இல்லத்தில் கக்கூஸ் கழுவி, மலம் படிந்த துணி துவைத்து, கிழடுகட்டைகளைத் திருப்பிப் படுக்கப் போடுகிற வேலை பார்த்தாள். இரண்டாம் அலையில் அங்கே நாலைந்து பேருக்குக் காய்ச்சல் கண்டது. உடனே நிர்வாகம் லேப்காரரைக் கூப்பிட்டு வேலையாட்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தது. மூக்கில் குச்சி விடுகிற சோதனை இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பான் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. குச்சிச் சோதனை கிருமி இப்போது இருக்கிறதா என்று தேடுகிறது. ரத்தச் சோதனை கிருமி முன்னே வந்துபோன தடத்தைத் தேடுகிறது. தொற்றிய முதல் வாரத்தில் அந்தத் தடம் பெரும்பாலும் தெரியாது, ஆனால் ஆள் பரப்பிக்கொண்டிருப்பான். தடம் இருப்பதாலேயே மறுபடி வராது என்றும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரல் 24லேயே எச்சரித்தது, எதிர்ப்பானை நம்பி யாருக்கும் 'நோய் வராது' என்று சீட்டுக் கொடுக்காதீர்கள் என்று. அதே மாதம்தான் சீனத்திலிருந்து வந்த துரித ரத்தச் சோதனைக் கருவிகள் சரியாக வேலை செய்யவில்லை என்று ஐ.சி.எம்.ஆர். திருப்பி அனுப்பச் சொன்னது. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கருவி 600 ரூபாய்க்கு விற்கப்பட்ட கதை டெல்லி உயர்நீதிமன்றத்தில் வெளியே வந்தது. நம்ம தமிழ்நாட்டு அரசும் அதே 600 கொடுத்துத்தான் வாங்கியிருந்தது.

சோதனை முடிவு வந்தது. 'இருக்கு' என்று வந்தது நாலு பேருக்கு. நாலு பேரும் எங்க வளவு. நர்ஸம்மாவுக்கு இல்லை, கணக்குப் பார்க்கிறவருக்கு இல்லை, மேனேஜருக்கு இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். 2020இல் பனியன் கம்பெனிகள் சாத்திக் கிடந்தபோது நான்கூட வீட்டில் இருந்தேன். பெரியம்மா ஒருநாள் நிற்கவில்லை. பீயும் மூத்திரமும் ஊரடங்கு பார்க்குமா? வீடு ஒரே அறை, ஆறு பேர். அவள் ரத்தத்தில் இருந்தது சக்தி இல்லை, முன்பு ஏற்கெனவே அவளை முன்னால் அனுப்பிய கணக்கு. அந்தக் கணக்கைக் காட்டியே மறுபடி முன்னால் அனுப்பினார்கள்.

இது புதுசும் இல்லை. 1793இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது, கறுப்பர்களை அது தொடாது என்று பெரிய டாக்டர் பெஞ்சமின் ரஷ் நம்பினார். அவர் கேட்டுக்கொண்டதால் கறுப்பர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள், பிணம் எடுத்தார்கள், அவர்களும் செத்தார்கள். பிறகு 'காசு பிடுங்கினார்கள்' என்று பழி வேறு. அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் 1794இல் அதற்குப் பதில் எழுதி அச்சடித்தார்கள். பின்னால் நியூ ஆர்லியன்ஸில் அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்த அடிமைக்குச் சந்தையில் விலை அதிகம். எதிர்ப்புச் சக்தி அவன் உடம்பில், லாபம் எஜமான் பையில். நமக்கோ டாக்டர்கூட வேண்டியதில்லை. 'நாத்தம் உங்களுக்குப் பழக்கம்தானே' என்று ஒரு வார்த்தை போதும்.

ஆனால் எனக்குள்ளே ஒரு கேள்வி குத்துகிறது, அதை மறைக்கக்கூடாது. பத்தொன்பது நாள் அந்தக் காய்ச்சல் அறையில் கிடந்த பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழவிகளில் இரண்டு பேர் பிழைத்தார்கள். எதிர்ப்பான் இல்லாத நர்ஸம்மா போயிருந்தால் அவள் செத்திருக்கலாம். ஆபத்துக் குறைந்தவர் போவது நியாயம்தானே? ஒரு டாக்டர் 'எனக்கு ஒருதடவை வந்துபோச்சு, நான் போறேன்' என்று சொல்லியிருந்தால் நானே கும்பிட்டிருப்பேன்.

வித்தியாசம் எங்கே? டாக்டருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வாய் இருக்கிறது. பெரியம்மா 'சரிங்க' என்றாள். அவள் வாயில் வேறு வார்த்தை வைக்கப்படவில்லை. வீட்டிலிருந்தவர்களுக்குச் சம்பளம் முழுசாக வந்தது, அவளுக்கு ஒரு ரூபாய் கூட்டவில்லை. கொடுத்த பாதுகாப்பு ஒரு துணி மாஸ்க். சக்தி இருக்கும்போது கவசம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அந்த அறையில் ஒரு கவுண்டச்சி பாட்டி, முன்பு இவள் கையால் தண்ணி வாங்காதவள், இவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்தாளாம். இதைச் சொல்லி நெகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை. தண்ணி வாங்குவதற்கு ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"உனக்குக் கோவம் வரலியா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"கோவத்த வெச்சு என்ன கண்ணு பண்றது. அவங்க பாவம், தலதூக்க முடியாம கெடந்தாங்க. நானில்லீன்னா ஆரு பாப்பாங்க?"

அந்தப் பரிவு அவளுடையது. அதற்கு நிர்வாகம் உரிமை கொண்டாட முடியாது.

ரத்தம் எடுத்த சீட்டை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை. அவள் உடம்பில் என்ன இருக்கிறது என்று மேனேஜருக்குத் தெரியும், கணக்குப் பிள்ளைக்குத் தெரியும், அவளுக்கு வாய்வார்த்தைதான். போன மாதம் நானே போய்க் கேட்டேன்.

"அது ஆபீஸ் பைல்ல இருக்குதுங்க. நாங்க காசு குடுத்து எடுத்த டெஸ்ட்டுங்க" என்றார், மரியாதையாகவே.

ரத்தம் யார் கொடுத்தது என்று கேட்டேன். டீ சாப்பிட்டுப் போங்க என்றார்.