மூடியும் பூட்டும்

பிறரை வாய்விட்டுத் திருடன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு பெருமையில் பல வருஷங்களாக நிம்மதியாகத் தூங்கி வந்தேன். சென்ற மாதம் ஒரு பெட்ரோல் டாங்க் மூடி அந்தத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

என்னிடம் உள்ளது பழைய சின்னக் கார். ஒரு வெள்ளிக்கிழமை வழக்கமான பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்ததும் குப்பென்று பெட்ரோல் நெடி. வண்டியின் பக்கவாட்டிலுள்ள சின்னக் கதவைத் திறந்தேன். உள்ளே மூடியைக் காணோம். டாங்கின் வாய் 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

இது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி அல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்விடாமல் தரையோடு தவழ்ந்து, மூடிய இடத்தில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். வண்டியை மெல்ல வெளியே தள்ளினேன். தள்ளி முடிப்பதற்குள் என் மனம் தீர்ப்பே எழுதிவிட்டது: 'பங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறானே, அந்தப் பையன்தான்!'

ஏன் அவன்? ஞாயிற்றுக்கிழமை என் நண்பர் ஒருவரும் அந்தக் காரை இரவல் வாங்கிப் போய் வந்திருந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். என் சந்தேகம் அவர் இருந்த திசைப்பக்கமே திரும்பவில்லை. காலர் நைந்த சட்டைக்காரன்மேல் நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீரைப் போலவே சந்தேகமும் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

புது மூடி வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போனேன்.

"சாதா மூடியா, பூட்டு வச்சதா, சார்?" என்றார் கடைக்காரர்.

"பூட்டு வைத்ததே கொடுங்கள். காற்றுக்கூட நுழையக் கூடாது" என்றேன்.

அவர் சிரித்தார். "காத்து நுழையலைன்னா வண்டி நின்னுடும், சார்!"

அவர் சொன்னது உண்மை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் என்ஜினுக்குப் போகாமல் தடைப்படும். அந்தக் காலத்து மூடிகளில் இதற்காக ஊசித் துவாரம் ஒன்று விட்டிருப்பார்கள். பிறகு, காற்றை உள்ளே விட்டு ஆவியை வெளியே விடாத சிறு வால்வு வந்தது. மூடி என்றால் மூடவும் வேண்டும், மூச்சு விடவும் வேண்டும்.

வீட்டிலேயே மாட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. பழைய மூடியை வண்டியோடு பிணைத்திருந்த பிளாஸ்டிக் பட்டையின் மிச்சத்தை இடுக்கியால் பிடுங்கினேன். டாங்கின் வாய் விளிம்பைத் துணியால் துடைத்தேன். புது மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை திருகினேன். தீர்ந்தது.

இடுக்கியை வைக்க ஷெட்டிலுள்ள பலகையைத் துழாவினேன். பழைய செய்தித்தாளுக்கு அடியில் வட்டமாக ஏதோ கைக்கு அகப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். பழைய மூடி!

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மாலை, பட்டை அறுந்திருக்கிறதே என்று பார்ப்பதற்காக நானேதான் அதைக் கழற்றினேன். வீட்டுக்குள் டெலிபோன் மணி அடித்தது. ஓடினேன். அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னேன். "நல்லவேளை, அந்தப் பையனை நீங்க ஒண்ணும் கேட்டுடலையே" என்றாள்.

கேட்கவில்லைதான். ஆனால் கேட்காததனால் நான் நிரபராதியாகிவிடுவேனா? சட்டம் செயலைத்தான் தண்டிக்கிறது. எண்ணத்தை எட்டிப் பார்ப்பதில்லை. அது நியாயமே. எண்ணத்துக்கெல்லாம் தண்டனை என்றால் ஊரில் யார் மிஞ்சுவார்கள்? ஆனால் என் எண்ணம் சும்மா இருக்கவில்லை. அந்த வாரம் நான் வேறு பங்குக்குப் போனேன். பூட்டுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தேன். "அந்தப் பையன் எப்படி?" என்று முதலாளி என்னைக் கேட்டிருந்தால், "கொஞ்சம் கவனமாக இருங்கள்" என்று நல்லவனைப் போலச் சொல்லியிருப்பேன். அவன் வேலை போயிருக்கும். ஏன் போயிற்று என்பதுகூட அவனுக்குத் தெரிந்திராது. வாய்விட்டுத் திட்டியிருந்தாலாவது, "நான் எடுக்கவில்லை, சார்" என்று அவன் சொல்லியிருக்கலாம். மனத்துக்குள் நடக்கிற வழக்கில் எதிராளிக்கு வக்கீலும் கிடையாது, வாயும் கிடையாது. சொல்லாத சந்தேகம் சொன்னதைவிடக் கொடியது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் திருடர்களும் இருக்கிறார்கள். ஆனால் காற்றுப் புக இடமில்லாமல் மூடிக்கொண்ட மனமும் ஒருநாள் நடுவழியில் நின்றுவிடும்.

அடுத்த வாரம் பழைய பங்குக்கே போனேன். "என்ன சார், ஒரு வாரமா காணோம்? ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று அந்தப் பையன் முகமலர்ச்சியோடு கேட்டான். "ஆமாம்ப்பா" என்றேன். அதுவும் பொய்.

சாவியைக் கொடுத்தேன். பெட்ரோல் போட்டு, மூடியைச் சத்தம் வரும்வரை திருகிப் பூட்டி, கதவைச் சாத்திவிட்டு, சாவியை என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"புதுசா, சார்? பழசு என்னாச்சு?" என்றான்.

"நான்தாண்டா தொலைச்சேன்" என்றேன். இவ்வளவைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.