காலமும் நியதியும்

2009 ஒக்ரோபரில் ஜப்பானில் செய்த ஹையேஸ் வான் ஒன்றை ஸ்காபரோவுக்கு இறக்க ஆசைப்பட்டேன். இந்த நாட்டுப் பாதுகாப்புத் தரத்துக்கு அமையாத வண்டி, செய்து 15 ஆண்டு நிறைந்த பிறகுதான் கனடாவுக்குள் வரலாம். மாதக் கணக்கும் பார்ப்பார்கள். 2024 செப்ரெம்பரில் வந்திறங்கினால் குற்றம், நவம்பரில் இறங்கினால் குற்றமில்லை. எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிட்ரொயிற்றில் ஒருவர் அதே வானை இறக்குவதென்றால் 2034 வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் 1988இல் இயற்றிய சட்டப்படி அங்கே 25 ஆண்டு.

“அண்ணை, ரெண்டு மாசத்தில வானில என்ன மாறப் போகுது?” என்று கேட்டான் ஜப்பானில் ஏலத்தில் எடுத்துத் தந்த பெடியன். முப்பது வருடம் கராஜ் நடத்துகிறவன் நான். துரு கொஞ்சம் கூடும், வேறொன்றும் மாறாது.

அப்படியானால் அந்தக் குற்றம் எங்கே இருந்தது, எங்கே போனது? காத்திருந்த அந்த இரண்டு மாதமும் இதுதான் மனதில் ஓடியது.

சிறுவயதில் கோயில் மடத்தில் சித்தாந்தம் படிப்பித்த ஐயா, செம்பையும் களிம்பையும் காட்டித்தான் ஆணவத்தை விளக்குவார். களிம்பு இடையில் வந்து ஒட்டியதல்ல, செம்போடே கூடிப் பிறந்தது. நாட்பட்டதால் மட்டும் அது போகாது. காலமும் ஒரு தத்துவம்தான் என்பார். மாயையிலிருந்து தோன்றியது, சடம்; தானாக யாருடைய வினையையும் கழுவாது. காலத்துக்கு அடுத்ததாக அவர் சொல்வது நியதி. செய்தவனுடைய வினைப்பயன் அவனையே சேரும்படி நிறுத்துவது அதன் வேலை. காலம் பயனைக் கொண்டுவரும், நியதி அது ஆள்மாறாமல் பார்க்கும்.

இந்தச் சோடியை வைத்துப் பார்த்தபோது எனக்கு இறக்குமதி விதி விளங்கியது. 15 ஆண்டானதும் சட்டம் வானைத் தூயதென்று சொல்லவில்லை. பழைய வண்டிகள் தெருவில் கொஞ்சம்தான், இனி இதைப் பற்றி நான் கேட்கமாட்டேன் என்று ஒதுங்குகிறது. கேட்பவர் போய்விட்டால் கேள்வி போய்விடுமா? ஹையேஸில் எஞ்சின் முன்னாசனத்துக்குக் கீழே. ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு முன்னே இருக்கிற தகடு மிகக் கொஞ்சம். ஸ்டியரிங் வலப்பக்கம், இந்த நாட்டில் தெருவின் வலப்பக்கமாகத்தான் ஓடவேண்டும். முன்னே போகிற லொறியை முந்த எட்டிப் பார்த்தால் எதிரே வருவது தெரியாது. நான் பிழைவிட்டால் அதன் பயன் எதிரே வருகிற யாரோ ஒரு பிள்ளைக்குப் போகும். நியதி பிசகுகிற இடம் அதுதான், அங்கே எந்தத் திகதியும் என்னை விடுவிக்காது.

இதை நான் மடத்தில் மட்டும் படிக்கவில்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் அப்பா ஓட்டிய ஏ40 கார் வயதில் எனக்கு மூத்தது, மண்ணெண்ணெயில் ஓடியது. பரிசோதிக்க ஒரு அதிகாரியும் இல்லை. அப்பா ஒவ்வொரு காலையும் ஆளேற்ற முன்னர் ஒழுங்கையில் வெறுங்காரை ஓட்டிப் பிறேக் பிடித்துப் பார்ப்பார். சில நாள் திருப்தியில்லாமல் காரை உள்ளே விட்டுவிடுவார், அன்றைக்கு வீட்டில் காசில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை.

வான் நவம்பரில் வந்தது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளைக் கோயிலுக்கு ஏற்றிப்போகத் தரமுடியுமா என்று ஒரு ரீச்சர் கேட்டார். பின்வரிசையில் இடுப்புப் பட்டி மட்டும்தான், தோளுக்கு இல்லை.

“சட்டம் விட்டிட்டுது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?”

“ஓம் ரீச்சர், சட்டம் விட்டிட்டுது.”

அந்தச் சனிக்கிழமை பின்வரிசை இருக்கைகளைக் கழற்றி எடுத்தேன். இப்போது வானில் சாமான் மட்டும்தான் போகிறது.