கிடைக்காதவருக்கும் ஒரு பதில்

மன்னாரில் ஒரு நேர்முகப் பரீட்சையின் முடிவு, கடிதமாகக் கிளம்பும் முன்பே பஸ் நிலையத்துக்கு வந்துவிடும். போனவர் யார், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் யார், யாருக்கு யார் என்ன முறை, எல்லாம் அங்கே நிற்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர் பெரும்பாலும் ஒருவர்தான்: விண்ணப்பித்தவர். அவரிடம் "அறிவிப்பம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

கொழும்பென்றால் கேள்வி கேட்டவரை மறுபடி காண வேண்டியே இராது. இங்கே ஞாயிறு பூசையில் அவர் முன்வாங்கில் இருப்பார்; மீன் சந்தையில் பக்கத்தில் நின்று பாரைக்கு விலை பேசுவார். எங்களைக் கண்டதும் கைபேசியை எடுத்துக் காதில் வைப்பார். அழைப்பு எதுவும் வந்திராது.

2009 இல் போர் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஏராளமான இளைஞர்கள் தொண்டு நிறுவனங்களின் திட்ட வேலைகளில்தான் காலம் தள்ளினார்கள். நிதி முடிய வேலையும் முடியும். அடுத்த நேர்முகத்துக்குச் சட்டையை அயன் பண்ண வேண்டும். சான்றிதழ்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது, "உங்கட பலவீனம் என்ன?" என்றால் என்ன சொல்வது, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். நேர்முகம் வைப்பவர்களுக்குத்தான் அதற்குப் பிறகு என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை.

ஒருமுறை ஓர் அதிகாரி தானே அழைத்தார். "தம்பி, இந்த முறை வேற ஆளை எடுத்திட்டம். உங்கட சிங்களம் காணாது. அதைக் கொஞ்சம் பாருங்கோ." அவ்வளவுதான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, உண்மை. ஆனால் சிங்கள வகுப்பில் சேர்ந்தேன். அவரைச் சந்தையில் கண்டபோது இரண்டு பேருமே நின்று கதைத்தோம்.

மற்றவர்கள் ஏன் சொல்வதில்லை? பயம். சொன்னால் ஏனென்று கேட்பார்கள், பாதரிடம் போவார்கள், எம்பியின் கடிதத்தோடு திரும்பி வருவார்கள். வீண் பயமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாத இடத்தில்தான் "ஆளை முதலே எடுத்தாச்சாம்" என்ற கதை முளைக்கிறது.

அரச அலுவலகமென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனது புள்ளிகளை எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இரண்டு வேலி தள்ளி இருப்பவரிடம் படிவம் நிரப்பிப் பதில் கேட்டால், பதில் வருமோ இல்லையோ, அவர் வீட்டுக் கலியாணத்துக்கு அழைப்பு வராது.

சொல்ல வேண்டியதற்கு இப்படி வாயைக் கட்டுகிற நாங்கள், கேட்கத் தேவையில்லாததைக் கேட்க மட்டும் தயங்குவதில்லை. வேலை கிடைத்தவர் வந்து கதிரையில் இருந்த முதல் நாளே, பத்து மணிப் பிளேன்ரீயோடு இரண்டாவது நேர்முகம் தொடங்கும். "எந்த இடம்?" "அப்பா என்ன செய்யிறார்?" "இன்னும் முடிக்கேல்லையோ?" முதற்கேள்வி ஊரோடு நிற்பதில்லை, சாதி, சமயம் எல்லாம் அதிலேயே அறியப்படும்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தங்கச்சி "எருக்கலம்பிட்டி" என்றாள். படித்தது? "புத்தளத்தில." 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்த ஊரார் கடல் வழியாகப் போய் ஒதுங்கிய பக்கம் அது. மேசையைச் சுற்றி இருந்தவர்களில் வயதானவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இன்னும் ஒரு கேள்வி விழுந்திருந்தால், முன்பின் அறியாத எங்களிடம் அவள் தன் வீட்டுக் கதை முழுவதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

"அப்ப பின்னேர பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் அங்கிருந்த அக்கா ஒருவர். பேச்சு பஸ்ஸுக்கும் அதன் தாமதத்துக்கும் போய்விட்டது.

அதே பதவிக்கு நேர்முகம் போய்க் கிடைக்காதவர் அந்த அக்கா. எந்தக் கோப்பு எந்த அலுமாரியில், எது யாருடைய கையெழுத்துக்குப் போக வேண்டும் என்றெல்லாம் அவளுக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். பெருநாள் முடிந்து வட்டிலப்பம் கொண்டுவந்த ஒரு நாளில் தங்கச்சி தானாகவே புத்தளக் கதையைத் தொடங்கினாள். அன்றைக்கு அக்கா கேள்வி கேட்டார், நிறையவே கேட்டார்.