தோபியாசின் நாயும் திண்ணையில் இருக்கும் ஆயாவும்



ஐப்பசி மாதத்துக்கு மேல்நாட்டுக் காலண்டர்களில் மஞ்சளும் சிவப்புமாய் இலை உதிரும் தோட்டத்தைப் போட்டிருப்பார்கள். நமக்கோ இது கூதிர்காலம். குப்பனூர் அடிவாரத்தில் மழை. மேலே சேர்வராயன் மலையில் மூடுபனி.

அப்படியொரு மழைவிட்ட காலையில் குப்பனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். திருநாள் ஒன்றுமில்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. அந்த வீட்டுப் பையன் கொய்யா மரத்தடியில் தன் நாயை செல்போனில் படம் பிடிக்கப் பார்த்தான். நின்றபடி எடுத்தான், முதுகுதான் விழுந்தது. கூப்பிட்டான், அது வாலை ஆட்டிக்கொண்டு போனையே முகர வந்துவிட்டது. கடைசியில் ஈர மண்ணில் முழங்காலிட்டு, அதன் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து, பேசாமல் காத்திருந்தான். நாய் தலையைத் திருப்பிற்று. அந்தப் படத்தில்தான் முகம் இருந்தது. (கறுப்பு நாயை நிழலில் எடுத்தால் கரிமூட்டை போல விழும் என்பதையும் அவனே எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.)

நாய்க்கும் படமா என்று நகைக்கவேண்டாம். தோபியாஸ் ஆகமத்தைப் புரட்டிப்பாருங்கள். வழித்துணையாய் வந்தவர் இரபாயேல் சம்மனசு என்று அறியாமலே தோபியாஸ் தூரதேசத்துக்குப் புறப்படுகிறான். கூடவே அவன் நாயும் போகிறது. அது ஒரு புதுமையும் செய்யவில்லை. கதைக்கு அது அவசியமுமில்லை. ஆனாலும் எழுதியவர் அதை விட்டுவிடவில்லை. திரும்பிவரும்போதும் நாய் வருகிறது.

1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல், மிருகங்களும் சர்வேசுரனுடைய சிருஷ்டிகளே, அவைகளை வீணாய் வதைப்பது மனித மகிமைக்கு விரோதம் என்று போதிக்கிறது. அவைகளை நேசிக்கலாம் என்றும் சொல்லி, உடனே, மனிதருக்கு மாத்திரம் உரிய பாசத்தை அவைகள்மேல் திருப்பலாகாது என்கிறது. அந்த வரியை எண்ணும்போது அன்றைய திண்ணைதான் என் கண்முன் நிற்கிறது.

பையனின் ஆயா அங்கே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். போனில் நாயின் படம் எத்தனை என்று கேட்டேன். இருநூறுக்குமேல் என்றான். ஆயாவின் படம்? வெகுநேரம் தேடினான். மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு கலியாணத்தில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம்.

துக்க வீடுகளில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெட்டி வந்துவிடும், மாலை வந்துவிடும்; மாலை போடப் படம் இராது. ஆதார் அட்டையில் இருக்கும் மங்கின முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வர ஒருவன் டவுனுக்கு ஓடுவான். உங்கள் போனில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்களே திறந்து பாருங்கள்.

பையனை நான் கடிந்துகொள்ளவில்லை. அவனே எழுந்து திண்ணைக்குப் போனான். “எனக்கு எதுக்குடா படம், தலைகூட வாரல” என்று ஆயா முந்தானையால் முகத்தை மூடினாள். இந்தத் தடவையும் அவன் முழங்காலிட்டுக் காத்திருந்தான். நாய் ஓடிவந்து பூண்டு முறத்தைத் தட்டிவிட்டது. ஆயா அதைத் திட்டுவதற்காக முந்தானையை விலக்கினாள்.

படம் எப்படி வந்ததென்று நான் பார்க்கவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.