வரைபடம் எந்த அளவை?

சூலூர்க் குளத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் கண்ணால் கண்டதாகுமா? சைவ சித்தாந்தம் அறிவுக்குக் காட்சி (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என்று மூன்று வழிகளை, அதாவது அளவைகளைச் சொல்கிறது. அதன் நூலான சிவஞான சித்தியார் அளவைக்கென்று தனிப் பகுதியே வைத்திருக்கிறது. புவியியல் தகவல் முறையைக் கற்பிக்கும் வகுப்புகளில் படம் பெரும்பாலும் காட்சியாகவே நம்பப்படுகிறது. அது கருதல் என்பேன். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். நொய்யல் ஆற்றிலிருந்து பிரியும் குறுகலான வாய்க்கால் கரையோடும் முட்புதரோடும் கலந்து ஒரே நிறமாகிவிடும். ஆகாயத்தாமரை மூடிய நீர் பச்சையாகத் தெரியும். அதைக் கணினி வயலென்று வகைப்படுத்தினால் குற்றம் செயற்கைக்கோளுடையது அன்று.

அப்படியானால் குளத்தைப் பதிந்து வைத்திருக்கும் வருவாய்ப் பதிவேடு மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். முழுக்க இல்லைதான். ஆனால் அது உரை: வறண்ட ஆண்டிலும் அங்கே குளம் உண்டு என்று சாட்சி சொல்வது அதுதான், நீரை மட்டும் தேடும் படமோ தரிசு என்று சொல்லிவிடும். ஆசிரியர்களே, பதிவேட்டையும் படத்தையும் கையில் கொடுத்து மாணவரை ஒருமுறை கரைக்கு அழைத்துப் போங்கள்.