சுமந்தவர் பாதை

வத்தலக்குண்டிலிருந்து தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் நோக்கி நடந்துகொண்டிருந்தோம். இடப்புறம் நெல் வயல்கள். வலப்புறம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் பழனி மலை சுவர்போல் எழுந்து நின்றது. மாட்டைப் பிடித்தபடி வாய்க்கால் ஓரம் நின்ற பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தினார். "ஏன்யா, பஸ்ஸு போய்க்கிட்டே இருக்கே, எதுக்கு நடந்து போறீக?" என்றார்.

நமக்கு விடை வரவில்லை. நேர்த்திக்கடன் என்றிருந்தால் உடனே தலையசைத்திருப்பார். தைப்பூசத்திற்குப் பழனி நோக்கி நடப்போரையும், செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி நோக்கி நடப்போரையும் நம் நாட்டுப்புறம் நன்கறியும். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்றாலும் ஏற்றிருப்பார். மனமகிழ்ச்சிக்காக நடக்கிறோம் என்று சொல்லத்தான் நாவெழவில்லை. அந்த நாணம் எங்கிருந்து வந்தது? வழிநெடுக இதையே எண்ணிக்கொண்டு சென்றோம்.

நாம் தேர்ந்துகொண்ட வழி புதியதன்று. 1875ஆம் ஆண்டில் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், கோடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூரில் இறங்கினர். இன்று அதுவே கோடைக்கானல் ரோடு நிலையம். அங்கிருந்து மாட்டுவண்டியில் இச்சமவெளியைக் கடந்து, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைந்தனர். தோப்போடு வண்டித்தடம் முடிந்துவிடும். அதற்குமேல் பத்து மைலுக்கு மேற்பட்ட ஒற்றையடி மலைப்பாதை. சேரவேண்டிய ஊரோ கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில். குதிரை உடையவர் குதிரையில் ஏறினர். மற்றவர்களில் வசதியுள்ளோரை நாற்காலியிலும் டோலியிலும் அமர்த்திச் சுமையாளர்கள் தோளில் ஏற்றிச் சென்றனர். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். மலைச்சாலைப் பணி முடிந்ததோ 1914இல். இடைப்பட்ட ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கட்டிலும் மேசையும் அரிசி மூட்டையும் மனிதரும் இவ்வாறே மேலே சென்றனர்.

பெயர்களைக் கவனியுங்கள். அந்தச் சாலைக்கு மேஜர் லா என்னும் ஆங்கிலேயரின் பெயரால் 'லாஸ் காட்' என்று பெயர். பழைய நடைபாதைக்கு வழங்கிய பெயர் 'கூலி காட்'. சாலை போட முனைந்தவருக்குத் தனிப்பெயர் இருந்தது; சுமந்தவர்களுக்குத் தொழிற்பெயரே மிஞ்சியது.

இதை அயலவர்மீது ஒரு குற்றப்பத்திரிகையாக எழுதி முடித்துவிட நமக்கு உரிமையில்லை. செண்பகனூரில் இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி 1895இல் தோன்றியது. சாலை வர இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. அதன் நூலகத்திற்குக் கீழ்நாட்டிலிருந்து வந்த நூல்கள் பறந்து வந்திருக்க இயலாது. செண்பகனூரின் இறையியலையும் தாவர ஆய்வையும் எண்ணி நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படவும் வேண்டும். ஆனால் அந்த அறிவின் அடியில் யாரோ ஒருவரின் சும்மாடு இருந்தது.

அப்படியாயின் பிறர் தோளில் ஏறுவது தவறா? "கூலி கொடுத்தார்கள் அல்லவா?" என்று சிலர் கேட்பர். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. டோலியில் ஏற மறுத்து ஒருவர் நடந்தே சென்றிருந்தால் அவர் மனச்சான்று தூய்மையாயிருக்கும். சுமையாளரின் அடுப்பு அன்று எரியாது. ஆயினும் பசித்தவனின் சம்மதத்தை முழுச் சம்மதமாகக் கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. உரோமைப் படைவீரன் தன் சுமையைத் தூக்குமாறு வழியில் கண்டவனைக் கட்டாயப்படுத்தலாம் என்பது அக்கால நடைமுறை. சிரேன் ஊர்ச் சீமோன் அவ்வாறுதான் வயலிலிருந்து வந்த வழியில் பிடிக்கப்பட்டார். சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் முழந்தாளிடும் நாம் அவரை அன்பினால் உதவியவராகவே எண்ணிக்கொள்கிறோம். அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் சிந்தனையைத் திருப்பியது வெள்ளகவி. கும்பக்கரையிலிருந்து வட்டக்கானல் நோக்கி ஏறும் மலைவழியில் உள்ள சிற்றூர் அது. ஊருக்குள் காலணி அணியாத வழக்கத்திற்குப் பெயர்பெற்றது. தலைமுறை தலைமுறையாகச் சாலை வசதியின்றி வாழ்ந்த அவ்வூரார், விளைபொருளைக் குதிரைகளில் ஏற்றினர். நோயுற்றோரையும் பேறுகாலப் பெண்களையும் டோலி கட்டித் தூக்கிச் சென்றனர். அதே மலை, அதே மூங்கில், அதே தோள். ஆனால் இங்கு நமக்கு நாணம் எழவில்லை, கண் கலங்குகிறது. ஏன்? ஏறியவருக்கு வேறு வழியில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு எனத் தோன்றுகிறது. இன்று தூக்குபவர் நாளை அதே டோலியில் தூக்கப்படலாம். கூலி காட்டில் அது ஒருநாளும் நடவாது. தூக்குபவரும் அமர்பவரும் இடம் மாறவே முடியாத ஏற்பாடு எங்கே உண்டோ, அங்கே கூலி எவ்வளவு கொடுத்தாலும் கணக்கு நேராவதில்லை.

ஆனால் வெள்ளகவியை நாம் அழகுபடுத்திப் பேசுவதிலும் ஒரு தீங்கு இருக்கிறது. சாலையில்லாமை நடைப்பயணிக்கு விருந்து. பேறுகாலப் பெண்ணுக்கு அது உயிர்ப் பிரச்சினை. நாம் வேண்டித் தேடும் ஒற்றையடிப் பாதையிலிருந்து விடுபடவே அங்குள்ளோர் மனுக்கொடுத்தனர்.

மதுரை-போடிநாயக்கனூர் இருப்புப்பாதையிலும் இதையே வேறு உருவில் கண்டோம். 1928இல் திறக்கப்பட்ட அவ்வழியின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் இடப்பட்டன. 2010 முடிவில் அகலப்பாதைப் பணிக்காக இரயில் நின்றது. தேனிக்கு அது திரும்பியது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆண்டிபட்டிப் பக்கம் நாம் சென்றபோது, சேறில்லாத, சமமான அந்த மேட்டின்மீது ஆடுகளும், புல்லுக்கட்டு சுமந்த பெண்களும் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தோம். இரயில் திரும்பியதில் நமக்கும் மகிழ்ச்சியே. அதன்பின் அம்மேட்டில் நடப்பது அத்துமீறல், ஆபத்தும் கூட. புல்லுக்கட்டுப் பெண்கள் இப்போது எவ்வழியே செல்கிறார்கள் என்று திறப்புவிழாவில் யார் கேட்டிருப்பார்?

தனியார் நிலத்தின் வழியே தடையின்றி இருபது ஆண்டுகள் உரிமையோடு நடந்தால் வழியுரிமை உண்டாகும் என்பது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம்; அரசு நிலமாயின் முப்பது ஆண்டுகள். இருபது ஆண்டுகள் நடக்காமலிருந்தால் அவ்வுரிமை அற்றுப்போகும். காலடிகளுக்கும் கணக்கு வைத்திருக்கிறதே என்று வியந்தோம். ஆயினும் சட்டம் எண்ணுவது ஆண்டுகளைத்தான். தலையில் இருந்த சுமையை அது நிறுத்துப் பார்ப்பதில்லை.

அந்தப் பெரியவரிடம் நாம் இறுதியில் உண்மையையே சொன்னோம்: "சும்மா, நடந்து பார்க்கலாம்னுதான் ஐயா." அவர் சிரிக்கவில்லை. நம் முதுகுப்பையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மாட்டைத் தென்னையில் கட்டிவிட்டு, துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, "இங்கிட்டுக் குடுங்க, பாலம் வரைக்கும் நானும் அந்தப் பக்கந்தான்" என்று பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். நம்மைவிட மூத்தவர். மறுக்கத் தோன்றியது, மறுத்தால் அவர் மனம் புண்படும் என்றும் தோன்றியது. பாலத்தில் பையை இறக்கித் தந்தபோது சட்டைப்பையை நோக்கிச் சென்ற நம் கை பாதியில் நின்றுவிட்டது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. வந்த வழியே மாட்டை நோக்கித் திரும்பி நடந்தார்.