பேசா உயிரின் சார்பில் முடிவெடுத்தல்: ஹெரியட்டின் கால்நடை மருத்துவக் கதைகள் எழுப்பும் அறவினா

மருத்துவ அறம் குறித்த சிந்தனை பெரும்பாலும் மனித நோயாளியை மையமாகக் கொண்டே அமைகிறது. நோயாளி தம் துன்பத்தைச் சொல்கிறார். மருத்துவத்திற்கு உடன்படுகிறார் அல்லது மறுக்கிறார். கால்நடை மருத்துவத்தில் இந்த அடிப்படையே இல்லை. நோயுறுவது ஓர் உயிர். அந்நோயை எடுத்துரைப்பவர் மற்றொருவர். ஊதியம் தருபவர் அவரே. காப்பதா, போக்குவதா என்று சொல்லும் உரிமையும் உடைமையாளர் என்ற முறையில் அவரிடமே இருக்கிறது. இம்முரணை ஆங்கில நாட்டுப்புற வாழ்க்கையின் வழியே விரித்துக் காட்டியவை ஜேம்ஸ் ஹெரியட்டின் கதைகளும் அவற்றின் வழிப் பிறந்த தொலைக்காட்சித் தொடர்களும் ஆகும். மென்மையான பொழுதுபோக்கு என்று கூறி இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவற்றுள் பொதிந்துள்ள வினா மென்மையானதன்று.

ஹெரியட் என்பது புனைபெயர். ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட் (1916–1995) என்னும் இயற்பெயருடைய அவர் கிளாஸ்கோவில் வளர்ந்து, அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1939இல் தேர்ச்சி பெற்றார். 1940இல் யார்க்சயரின் தேர்ஸ்க் என்னும் சிற்றூரில் டொனால்டு சின்கிளேரின் மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய முதல் நூல் 1970இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. கதைகளோ 1937இல் தொடங்குவதாக அமைக்கப்பட்டுள்ளன. தேர்ஸ்க் 'டாரோபி' ஆயிற்று. சின்கிளேர் 'சீக்பிரீட் ஃபார்னன்' ஆனார். ஆகவே இவற்றை வரலாறாகக் கொள்ளாமல், புனைவு கலந்த நினைவாகக் கொள்வதே பொருந்தும். பி.பி.சி. நிறுவனம் 1978 முதல் 1990 வரை 90 பகுதிகளாக இக்கதைகளைத் தொடராக்கியது. 2020இல் சேனல் 5 புதிய தொடர் ஒன்றைத் தொடங்கியது.

முதல் நூலின் தலைப்பே அவ்விலங்குகள் பேசமாட்டாவா என்னும் ஏக்கமாகும். அந்நூலில் வரும் குதிரை நிகழ்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. செல்வர் ஒருவரின் உயர்ந்த குதிரை வயிற்று வலியால் துடிக்கிறது. அது வழக்கமான வயிற்று வலியே, ஊசி போட்டால் தீரும் என்கிறார் குதிரைகளின் பொறுப்பாளர். குடல் முறுக்கிக்கொண்டுள்ளது, இனி மீட்சியில்லை என்று கணிக்கிறார் அனுபவமற்ற இளம் மருத்துவர். பொறுப்பாளர் அச்சுறுத்துகிறார், மருத்துவர் அஞ்சியபடியே குதிரையைச் சுட்டுக் கொல்கிறார். பின்னர் நிகழ்ந்த பிணக்கூற்றாய்வு அவர் கணிப்பை உறுதி செய்கிறது. கதை அவருக்குச் சார்பாக முடிந்துவிட்டதால் இதனை வெற்றிக் கதையாக வாசிக்க இடமுண்டு. ஆனால் அறத்தின் எடை ஆய்வு முடிவில் இல்லை; ஆய்வுக்கு முந்திய அந்தச் சில மணித்துளிகளில் இருக்கிறது. கணிப்புப் பிழைத்திருந்தால் அச்செயல் கொலையாகியிருக்குமா? கணிப்புச் சரியாக இருந்தும் அவர் அஞ்சிப் பின்வாங்கி, அக்குதிரை விடியும்வரை துடித்திருந்தால், அக்கொல்லாமையை அறம் என்று சொல்ல முடியுமா?

இந்திய மண்ணில் இதே வினா மிகக் கடுமையாக எழுந்தது 1928இல். சபர்மதி ஆசிரமத்தில் தீராநோயுற்றுத் துன்புற்ற கன்று ஒன்றை மருத்துவரின் ஊசியால் துன்பம் நீங்கி இறக்கச் செய்தார் காந்தியடிகள். கொல்லாமையைத் தம் வாழ்வின் அச்சாணியாகக் கொண்டவர் இதனைச் செய்தது பெரும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அவர் அச்செயலை மறைக்கவில்லை. தம் இதழ்களில் எழுதி, அதுவும் அகிம்சையே என வாதிட்டார். தன்னலமும் சினமும் அற்று, அவ்வுயிரின் நன்மை ஒன்றையே கருதிச் செய்தல் என்பது அவ்வாதத்தின் உயிர்நாடி. யார்க்சயர் மருத்துவருக்கு இத்தகைய கோட்பாடு எதுவும் இல்லை. அவருக்கு அது தொழிற்கடமை. எனினும் இருவரும் வந்து நின்ற இடம் ஒன்றே. கன்று ஆசிரமத்தின் பொறுப்பில் இருந்தமையால் அங்கே உடைமையாளர் என ஒருவர் குறுக்கிடவில்லை. ஹெரியட்டின் உலகில் அக்குறுக்கீடு எப்போதும் உண்டு என்பதே வேறுபாடு.

அன்பும் அருளும் வேறு என்பது திருக்குறள் உரைமரபு நன்கறிந்த பாகுபாடு. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்பர் பரிமேலழகர் வழியினர். அன்புடைமை இல்லறவியலிலும், அருளுடைமை, புலால்மறுத்தல், கொல்லாமை ஆகியன துறவறவியலிலும் வைக்கப்பட்டுள்ளமை இங்குக் கருதத்தக்கது. இப்பாகுபாட்டைக் கொண்டு நோக்கினால் டாரோபியின் உழவர் எங்கும் அடங்காத ஒருவராகத் தோன்றுகிறார். அவர் தம் பசுவைப் பெயரிட்டு அழைக்கிறார். அது கன்று ஈனும் இரவில் உறங்காமல் விழித்திருக்கிறார். பால் வற்றியதும் அதனைக் கசாப்புக்கு அனுப்புகிறார். இவரது பரிவு அருள் அன்று என்பது தெளிவு. அன்புதானா என்பதே ஐயம்.

டேக்கின் என்னும் சிறு உழவரின் கதையில் இந்த ஐயம் உச்சம் பெறுகிறது. அவருடைய முதிய பசு பிளாசம். மடி தளர்ந்து தொங்குவதால் மற்ற மாடுகள் அதன் காம்பை மிதித்துவிடுகின்றன. வைத்திருந்தால் இழப்பு, ஆகவே சந்தைக்கு அனுப்ப முடிவாகிறது. மாடோட்டி வந்து அதனை ஓட்டிச் செல்கிறான். சிறிது நேரத்தில் அது தானே திரும்பி, வழக்கமான தன் இடத்தில் வந்து நின்றுகொள்கிறது. உழவர் மனம் மாறுகிறார். ஆனால் 'எனக்கு மனம் வரவில்லை' என்று அவர் சொல்வதில்லை. கன்றுகளுக்குப் பாலூட்ட இதனை வைத்துக்கொள்ளலாம், செலவுக்கு ஈடாகிவிடும் என்கிறார். பரிவு கணக்கின் மொழியை இரவல் வாங்கிக்கொண்டு பேசுகிறது. இதனைப் போலித்தனம் எனக் கொள்வது தவறு. வறுமையில் உழல்பவருக்குப் பரிவு என்பது செலவு. அச்செலவுக்குத் தம் மனத்திடமே அவர் காரணம் காட்டவேண்டியுள்ளது. மருத்துவரும் அக்கணக்கைச் சரிபார்க்க முற்படுவதில்லை.

ஜான் ஸ்கிப்டன் இன்னொரு வகையினர். கூலியாளாகத் தொடங்கிக் கடும் உழைப்பால் பெரும் பண்ணைக்கு உரியவரானவர். அவருடைய இரண்டு முதிய உழவுக் குதிரைகள் 12 ஆண்டுகளாக எவ்வேலையும் இன்றி ஆற்றங்கரைப் புல்வெளியில் வாழ்கின்றன. விற்றால் தோலுக்கும் இறைச்சிக்கும் பணம் கிடைக்கும், அவர் விற்கவில்லை, நாள்தோறும் வைக்கோல் சுமந்து நடந்து செல்கிறார். தாம் அடிமைபோல் உழைத்த நாளில் அவையும் உடன் உழைத்தன என்பதே அவர் காட்டும் காரணம். இது அருளன்று, நன்றியறிதல். இல்லறத்தாரின் அறமாகிய செய்ந்நன்றியறிதல் மனித எல்லையைக் கடந்து விலங்கையும் தொடும் இடம் இது. கைம்மாறு கேட்க இயலாத ஒன்றுக்குக் கடன்பட்டிருப்பதாக ஒருவர் உணர்வாராயின், உடைமை என்ற சொல்லே அங்குப் பொருளிழந்து விடுகிறது. இவர்களுக்கு நேர்மாறாகத் திருமதி பம்ஃப்ரி தம் செல்ல நாய் டிரிக்கி ஊவுக்கு அளவின்றி ஊட்டி, அதனை இறப்பின் விளிம்புக்கே கொண்டுசெல்கிறார். அவரது அன்பில் ஐயமில்லை, அறிவுதான் இல்லை. நாயைக் காப்பாற்றியது பட்டினியும் ஓடியாடலுமே!

இத்தகைய கதைகளைக் காலப்பின்னணித் தொடராக்கும்போது பசும்புல் மலையும் கற்சுவர்களும் அடுப்பங்கரை ஒளியும் முதன்மை பெற்றுவிடுகின்றன என்ற குறை கூறப்படலாம். அதில் உண்மையுண்டு. 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோயின்போது 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அப்பணியில் கால்நடை மருத்துவர்களும் ஈடுபடுத்தப்பட்டனர். பெயரிட்டு அழைக்கப்பட்ட பசுவின் உலகத்திலிருந்து அவ்வெண்ணிக்கை வெகுதொலைவில் இருக்கிறது. பழைய உலகைக் காட்டும் தொடர் இன்றைய உலகை மறக்கச் செய்கிறதா, அல்லது எது தொலைந்தது என்று அளந்து காட்டுகிறதா என்பது பார்ப்பவரையும் பொறுத்தது.

காட்சியாக்கும் முறையில் நிகழ்ந்த மாற்றமும் நோக்கத்தக்கது. 1978ஆம் ஆண்டுத் தொடரில் நடிகர் கிறிஸ்டோபர் திமோதி உண்மையான பசுவின் உடலுக்குள் தோள்வரை கையை விட்டு நடித்தார். அதன் மெய்ம்மை பெரிதும் பேசப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தொடரில் இத்தகைய காட்சிகளுக்குச் செயற்கை உருக்களே பயன்படுத்தப்பட்டன. படப்பிடிப்பிற்காக மட்டும் ஓர் உயிரை அவ்வாறு கையாளுதல் தகாது என்ற உணர்வு இடைப்பட்ட காலத்தில் வலுப்பெற்றுவிட்டது. நோயுற்ற பசுவுக்கு அக்கை உதவி. நடிப்புக்காக நிற்கும் பசுவுக்கு அதே கை தொல்லை. செயல் ஒன்றே, பயன் யாருக்கு என்பதால் அதன் அறம் வேறாகிறது. டாரோபி மருத்துவர் தம் தொழிலில் நாள்தோறும் எதிர்கொண்ட அதே வினாவைப் படப்பிடிப்புக் குழுவினரும் எதிர்கொள்ள நேர்ந்தது. இம்முறை அவர்கள் பசுவின் பக்கம் நின்றனர்.